சுடலை இழுத்துப் பார்த்த பூட்டு

போன வாரம், திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் எங்கள் அலுவலகக் கேன்டீனில், பக்கத்து இருக்கைக்காரப் பெண் தன் கைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "சேச்சி, இது கண்டோ? சிரிச்சுச் சிரிச்சு ஞான் செத்து" என்றாள். யாராவது இப்படிக் கைபேசியை நீட்டினால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். நாம் பார்க்கிறோமா, அல்லது நாம் பார்க்கும் முகத்தை அது பார்க்கிறதா என்று. சாம்பார்க் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தேன். பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. மங்கலான படம். அட்டையில் செய்த ஒரு கடைக் கதவு, அதில் நிஜமான பெரிய பூட்டு, முன்னால் வேட்டியும் தோளில் துண்டுமாக ஒரு மனிதர், கையில் கற்பூரம்.

கிள்ளிப்பாலம் சுடலை. திருவனந்தபுரத்தில் என் வயதுக்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் போதும், பாதிப் பேர் அந்தக் கற்பூரத்தை ஏற்றி அணைத்துக் காட்டுவார்கள். அந்தப் பெண்ணுக்கு அவர் பெயர் தெரியவில்லை. "இந்த அங்கிள் யாரு சேச்சி?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள், கடைசியில் உங்களுக்கே புரியும். அந்தத் துண்டை எனக்கும் அனுப்பச் சொன்னேன். அதற்குள் யாராவது அதை அழித்துவிடுவார்களோ என்று அவள் அனுப்பி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

கற்பூரம் என்றால் எனக்குக் கோயில் ஞாபகம் வருவதில்லை, சாலை என்று எங்கள் ஊரில் சொல்லும் கடைத்தெருதான் வரும். கற்பூரத்தோடு கொஞ்சம் பித்தளைப் பாலிஷ், கொஞ்சம் பக்கத்துக் கடைக் காய்ந்த மிளகாய், மழைக்காலமென்றால் நனைந்த சாக்கு. அங்கே அப்பாவுக்குப் பாத்திரக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். உருளி, நிலவிளக்கு, அண்டா, தூக்குவாளி எல்லாம் உண்டு. சாயங்காலம் நிரைப் பலகைகளைச் சொருகி, குறுக்கே இரும்புப் பட்டை போட்டு, திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டு, வாசலில் ஒரு கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். அந்தத் தெருவில் தமிழ்க் கடைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்ப்பதும் எல்லாரும் செய்வதுதான். அப்பாவுக்கு மட்டும் ஒருதரம் போதாது.

அப்பாவின் சந்தேகத்தைப் பற்றிச் சொன்னால் நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். பஸ் தம்பானூர் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்பார். போகும் என்பான். பிறகு டிரைவரிடம் கேட்பார். உட்கார்ந்த பிறகு பக்கத்து ஆளிடம் "நீங்க எங்க போறிய?" என்று பேச்சு வாக்கில் விசாரிப்பார். வானொலியில் மணி சொன்னால், நம் வீட்டுக் கடிகாரம் சரி, அவன்தான் தப்பு என்பார். யாராவது பேரம் பேசாமல் ஓர் உருளியை வாங்கிக்கொண்டு போய்விட்டால் அன்று முழுக்க அப்பாவுக்கு நிம்மதி போய்விடும். "பேசாம கொண்டு போறான்னா அவனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு" என்று அந்த உருளியின் ஜோடியை எடுத்துத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்: "உங்கப்பா தாலி முடிச்சையே இழுத்துப் பாத்தவியல்லா."

தட்டிப் பார்க்கும்போது அப்பாவின் வலது கைச் சுண்டுவிரல் மட்டும் விறைத்துக்கொண்டு வெளியே நிற்கும். வாலிபத்தில் பித்தளைத் தகடு வெட்டி நரம்பு போன விரல். மடங்கவே மடங்காது. சோறு பிசையும்போதும், சைக்கிள் பிடிக்கும்போதும், கும்பிடும்போதும் அது ஒதுங்கியே நிற்கும். "அது தனிக்குடித்தனம் நடத்துது" என்பாள் அம்மா. எங்களுக்கு அது பழகிப் போய்விட்டதால் கண்ணிலேயே படாது.

இப்படிப்பட்ட மனிதர் உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் சந்தேகப்படவில்லை. அது சுடலை மாமா. மதியம் அப்பா வீட்டுக்குச் சாப்பிட வரும்போது கல்லாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, "ஏ சுடலை, பாத்துக்கிடு" என்று சொல்லிவிட்டு வருவார். என்னையோ அம்மாவையோ கூட அப்படி விட்டதில்லை. கவிழ்த்துப் போட்ட ஓர் அண்டாவின் மேல் உட்கார்ந்து மாமா கடையைப் பார்த்துக்கொள்வார். அண்டா அவருக்கென்றே கிடந்தது. அதை விற்கவே இல்லை.

மாமாவும் எங்கள் ஊர்ப் பக்கம்தான், வள்ளியூருக்கு அந்தாண்டை. கிள்ளிப்பாலத்தில் ஓர் ஓட்டலில் சப்ளையராக இருந்தவர். யார் என்ன கேட்டார்களோ அதை அவர்கள் குரலிலேயே உள்ளே கூவிச் சொல்வாராம். சமையல்காரர் ஆளைப் பார்க்காமலே, இது வக்கீல் குரல், தோசை முறுகலாகப் போக வேண்டும், இது லாரிக்காரர் குரல், சட்னியில் காரம் வேண்டும் என்று தெரிந்துகொள்வாராம். அதைக் கேட்பதற்கென்றே கூட்டம் வந்ததாம். அங்கே சாப்பிட வந்த ஒரு மிமிக்ரிக் குழுக்காரர்தான் அவரைக் கொத்திக்கொண்டு போனார். தொண்ணூறுகளில் அந்தக் குழுக்கள் கொடி கட்டிப் பறந்தன. கோயில் உற்சவம், கல்லூரி விழா, ஓணக் கொண்டாட்டம் எல்லாவற்றிலும் அவர்கள்தான். ஓணத்துக்கு ஓணம் ஒரு காமெடிக் கேசட் வேறு. ஆட்டோ ஸ்டாண்டில், பழக்கடையில், சலூனில், எங்கே போனாலும் மாமாவின் குரல் ஓடிக்கொண்டிருக்கும்.

மேடையில் அவருக்குக் கொடுத்த வேஷம் ஒன்றே ஒன்று. பாண்டி. மலையாளம் தெரியாத தமிழன். உண்மையில் அவர் மலையாளப் பத்திரிகையின் தலையங்கத்தை அப்பாவுக்கு ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டுவார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் மலையாளக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தவரே அவர்தான். அந்த வாய் மேடையேறினால் உடைந்த மலையாளம் பேசும். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சாலைத் தெருத் தமிழர்களுக்கு இதில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. நம்மை வைத்துச் சிரிக்கிறானா, நம்மோடு சேர்ந்து சிரிக்கிறானா என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். மலையாளிகளுக்கு வேறு சந்தேகம். இவ்வளவு அழகாக மலையாளத்தை உடைக்கிறவன் நிஜத்தமிழனாக இருக்க முடியாது, ஆள் நம்மவன்தான் என்று. அப்பா ஒருதரம் மட்டும் அவரிடம் சொன்னார்: "நல்ல பாத்திரத்த நெளிச்சு விக்கியே சுடலை." மாமா சிரித்துவிட்டு, "நெளிச்சாத்தான் அண்ணாச்சி இங்க வாங்குதாவ" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அந்த ஐட்டம் வந்தது. கரமனைப் பக்கம் ஒரு கோயில் உற்சவத்தில் நானும் அம்மாவும் போய்ப் பார்த்தோம். அப்பா கடையில் இருந்தார். மேடையில் ஓர் அண்ணாச்சி கடையைப் பூட்டுகிறார். கற்பூரம் ஏற்றுகிறார், கும்பிடுகிறார், பூட்டை இழுத்துப் பார்க்கிறார், கிளம்புகிறார். நாலடி போனதும் சந்தேகம். திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறார். கிளம்புகிறார். இப்போது கற்பூரத்தின் மேல் சந்தேகம், கடையில் தீப்பிடித்துவிட்டால்? வந்து ஊதி அணைக்கிறார். கிளம்புகிறார். சாமி கோபித்துக்கொண்டால்? வந்து மறுபடி ஏற்றுகிறார். ஏற்றுவதற்குக் குனிந்த நேரத்தில் எவனாவது பூட்டைத் திறந்திருந்தால்? இழுத்துப் பார்க்கிறார். இதற்கு முடிவே கிடையாது. ஒரு வார்த்தை வசனமும் கிடையாது. கடைசியில், பூட்டைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு, கடையைத் திறந்து போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். அப்படியே நிறுத்திவிட்டாள். எனக்கும் அதே நேரத்தில்தான் உறைத்தது.

வீட்டில் நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? மறுநாளே சுமைதூக்கும் தங்கப்பன் அண்ணன் கடையைத் தாண்டிப் போகும்போது, "அண்ணாச்சி, பூட்டியோ?" என்றார். அடுத்த நாள் எதிர்க்கடைக்காரர், "கற்பூரம் அணஞ்ஞோ?" என்றார். ஒரு வாரத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். பாத்திரம் வாங்க வந்த ஒரு குடும்பம் அப்பா எழுந்து பூட்டும்வரை போகாமல் நின்றது. காசு கொடுக்காமல் பார்க்கும் நாடகம் அல்லவா. அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. அவருக்கு விளக்கிச் சொன்ன புண்ணியவான் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு சந்தேகம் உண்டு, அது வேண்டாம்.

அன்று மதியம் மாமா வழக்கம்போல் ரசவடைப் பொட்டலத்தோடு வந்து அண்டாவில் உட்கார்ந்தார். அன்று அப்பா சாப்பிட வீட்டுக்கு வராததால் நான் சோற்றுத் தூக்கு கொண்டு போயிருந்தேன், அதனால் பக்கத்தில் இருந்தேன். அப்பா ஒரு நிலவிளக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சுடலை, அது நானா?"

"இல்ல அண்ணாச்சி."

"பின்ன யாரு?"

"அதச் சொல்ல முடியாது. ஆனா நீங்க இல்ல."

அப்பா விளக்கைக் கீழே வைத்தார். சாமி படத்துக்கு முன்னால் இருந்த தட்டில் ஒரு கற்பூரம் ஏற்றி அவர் முன்னால் நீட்டினார். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கொலைக் கேஸில் பொய்சாட்சி சொல்பவன்கூடக் கற்பூரம் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்யத் தயங்குவான். குடும்பம் விளங்காது என்பார்கள். மாமா ஒரு கணம் அந்தத் தீயைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "சத்தியமா நீங்க இல்ல அண்ணாச்சி" என்றார். கை சுட்டிருக்கும். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நான் நம்பினேன். அப்பா நம்பவில்லை. "மேடைக்காரன் கையி, எதையும் அணைக்கும்" என்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னார். அடுத்த நாள் மதியம் சாப்பிட வரும்போது கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். மாமா அண்டாவின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. அதற்கடுத்த நாள் வரவில்லை. அந்த வாரமே அந்த அண்டாவை அப்பா யாருக்கோ விற்றுவிட்டார்.

இதைவிடப் பெரிய கூத்து அதற்குப் பிறகு நடந்தது. அப்பா பூட்டை இழுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கற்பூரமும் இல்லை. அந்தப் பாண்டி நானில்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டுமே. பூட்டுவார், கழுத்தைத் திருப்பாமல் விறுவிறுவென்று நடப்பார். தெருவே பார்த்துக்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் உள்ளே இருந்த சந்தேகம் எங்கே போகும்? வீட்டுக்கு வந்து காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். "மக்களே, கிழக்கேகோட்டைக்குப் போயி ஒரு கட்டு வெத்தல வாங்கிட்டு வாயேன். அப்படியே சாலை வழியா வா." எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. அம்மா அதை வெள்ளிக்கிழமைக்கென்று எடுத்து வைப்பாள், வாடிப் போகும், தூரப் போடுவாள். நான் போய், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் கடை வாசலில் குனிந்து, பூட்டை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு வருவேன். வந்ததும் அப்பா கேட்க மாட்டார். நான் தலையை ஆட்டுவேன். அவர் காப்பியைக் குடிப்பார்.

ஒருநாள் அப்படிக் குனிந்து நிமிர்ந்தபோது எதிர்ப் பழக்கடையில் சுடலை மாமா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு ரசகதலிப் பழம், பாதி உரித்தபடி. என்னைப் பார்த்துவிட்டார். அப்பனுக்குப் பதில் மகள் வந்து பூட்டை இழுக்கிறாள், இதைவிட நல்ல ஐட்டம் ஒரு மேடைக்காரனுக்குக் கிடைக்குமா? அவர் தெருவைக் கடந்து வந்தார். சிரிக்கவில்லை.

"நான் பாக்கல மக்களே" என்றார். பழத்தை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அவர் வார்த்தையை நம்பினேனா என்றால், அப்பாவின் மகளாயிற்றே. அந்த வருஷம் திருவனந்தபுரத்தில் அவர் ஏறிய மேடைகளில் முக்கால்வாசிக்கு என் சிநேகிதிகளை இழுத்துக்கொண்டு போனேன். நான் அவருடைய பெரிய ரசிகை என்று அவர்கள் நினைத்தார்கள். நான் கூட்டத்தின் கடைசியில் நின்று, மேடையில் எப்போது தாவணி கட்டிய ஒருத்தி வந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். ஒரு மேடையிலும் அவள் வரவில்லை. அப்படிப் பயந்து பயந்து பார்த்ததில்தான் அவர் எவ்வளவு பெரிய கலைஞர் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு மனிதரை எடுத்தால் அந்த மனிதரின் அவமானத்தை எடுக்க மாட்டார். அவருடைய கவலையை மட்டும் எடுப்பார். அந்தப் பூட்டு அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தங்கள் கதவை ஒருதரம் கூடுதலாக இழுத்துப் பார்த்திருப்பார்கள்.

வருஷங்கள் போயின. இரண்டாயிரத்துக்குப் பிறகு கேசட் போய் சிடி வந்தது, தொலைக்காட்சியில் காமெடி நிகழ்ச்சிகள் வந்தன. சினிமாவிலும் கூப்பிட்டார்கள். இஸ்திரிக்காரன், சாணை பிடிப்பவன், அடி வாங்கும் பாண்டி. வருவார், ஒரு வரி சொல்வார், தியேட்டர் அதிரும், போய்விடுவார். சாலைத் தெருவில் நடந்தால் கூட்டம் கூடும். ஆனாலும் எங்கள் கடையைத் தாண்டும்போது எதிர்ச்சாரிக்கு மாறித்தான் போவார். கேசட் இருந்தவரை ஓணத்துக்கு ஓணம் ஒன்றை யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அப்பா அதைப் பிரிக்காமல் உருளிகளுக்குப் பின்னால் அடுக்கி வைப்பார். பாத்திரங்களைத் துடைக்கும் நாளில் அந்த அடுக்கையும் ஒரு துடை துடைப்பார். நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு மாமாவுக்கு மஞ்சள் காமாலை. பத்திய மருந்து, பெரிய ஆஸ்பத்திரி, எல்லாம் ஆகி, ஒருநாள் காலையில் தங்கப்பன் அண்ணன் வந்து, "அண்ணாச்சி, நம்முடெ சுடலை போயி" என்றார். "யாரு சொன்னா?" என்று கேட்டார் அப்பா. தொலைக்காட்சியில் சொன்னார்கள் என்றதும், "அவம் என்னத்தையும் சொல்லுவான்" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிள்ளிப்பாலத்துக்கு நடந்தே போய், வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்தார். அன்று கடை திறக்கவில்லை. சாயங்காலச் செய்தியில் ஒருவர், அசல் தமிழனைப் போலவே தமிழ் பேசத் தெரிந்த மலையாளக் கலைஞர் என்று மாமாவைப் புகழ்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பிளக்கையும் பிடுங்கிப் போட்டார்.

பதினாறாம் நாளுக்கு ஈஸ்வரி அத்தை ஆள் அனுப்பினார். மாமாவின் மனைவி. பிள்ளைகள் கிடையாது. சின்ன வயதில் நான் அந்த வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். ஒரு மூலையில் உட்கார்ந்து பாயாசத்தைத் தொடாமல் வைத்திருந்தார். எல்லாரும் போன பிறகு, அத்தையும் எங்களோடு கோயிலுக்கு வருவதாகக் கிளம்பினார். வீட்டைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். நாலடி நடந்தார். நின்றார். திரும்பிப் போய் மறுபடி இழுத்துப் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, அந்த மேடை அண்ணாச்சி எப்படியோ அப்படியே, பூட்டை ஒரு பார்வை பார்த்தார். நானும் அப்பாவும் தெருவில் அப்படியே நின்றுவிட்டோம்.

"அவிய எடுத்தது என்னையத்தான் அண்ணாச்சி" என்றார் அத்தை. "பொண்டாட்டிய மேடையில ஏத்திட்டான்னு ஊரு சொல்லப்பிடாதுன்னு நாந்தான் சத்தியம் வாங்கினேன். உங்ககிட்டக்கூடச் சொல்ல விடல. அது அவிய மனசுல கடைசிவரைக்கும் கெடந்துது."

கோயிலில் அப்பா வெகுநேரம் நின்றார். திரும்பும் வழியில், பஸ் நிறுத்தத்தில், என்னைப் பார்க்காமலே, "அவ சொன்னத நான் நம்புதேன்" என்றார். என் வாழ்நாளில் அப்பா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருதரம்தான். அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. அப்புறம் வந்த பஸ்ஸில், தம்பானூர் போகுமா என்று அவர் யாரையும் கேட்காமல் ஏறினார்.

மறுநாள் சாயங்காலம் வெற்றிலை வாங்க என்னை அனுப்பவில்லை. நானாகவே போய் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். அப்பா நிரைப் பலகைகளைச் சொருகினார். பட்டை போட்டார். பூட்டினார். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். பூட்டை இழுத்துப் பார்த்தார், நாலடி நடந்தார், திரும்பி வந்து மறுபடி இழுத்தார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் சுடலையைத்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். தங்கப்பன் அண்ணன் சுமையை இறக்கி வைத்துவிட்டுத் தலைக்கட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அப்பா அவசரமே படவில்லை. இத்தனை வருஷம் இழுக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து இழுப்பவர்போல் இழுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஈஸ்வரி அத்தை வள்ளியூருக்குப் போய் அங்கேயே முடிந்தார். கடை இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள், பட்டனை அழுத்தினால் ஷட்டர் தானாக இறங்குகிறது. ரசகதலி விற்ற கடை ஏ.டி.எம். ஆகி, அந்த ஏ.டி.எம்மும் போய்விட்டது. அந்தக் கேசட்டுகளைப் போட்டுக் கேட்க ஒரு பெட்டி கிடையாது. கழக்கூட்டத்தில் என் வாடகை வீட்டுக் கதவுக்கு நம்பர் பூட்டு. இழுத்துப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. பச்சை விளக்கு எரிந்தால் நம்ப வேண்டும். நம்ப முடியாமல் லிஃப்ட்வரை போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் தோளால் ஓர் இடி இடித்துவிட்டுத்தான் போகிறேன்.

அந்தத் துண்டுப் படத்தை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். மேடையை நான் எப்போதும் கூட்டத்தின் கடைசியில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். தொலைக்காட்சியில் அந்த ஐட்டம் வந்தால் அப்பா எழுந்து நிறுத்திவிடுவார். அதனால் அந்தக் கையை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுவே முதல்முறை. மாமா கற்பூரத்தை ஏற்றுகிறார், கும்பிடுகிறார், பூட்டைப் பிடிக்கிறார். நான்கு விரல்கள் பூட்டைப் பற்றுகின்றன. சுண்டுவிரல் மட்டும் விறைத்துக்கொண்டு வெளியே நிற்கிறது. ஒரே ஒரு இழுப்பு. அடுத்த இழுப்பில் சட்டென்று அதை மடக்கிக்கொள்கிறார். அதற்குப் பிறகு கடைசிவரை அது வெளியே வரவே இல்லை.

ஈஸ்வரி அத்தையின் சுண்டுவிரல் ஒழுங்காக மடங்கும். எனக்குச் சோறு பிசைந்து போட்ட கை அது.

ஆக, கற்பூரம் அணைத்தது பொய். ஒரு சிநேகிதரை இழக்கப் பயந்து அந்த மனிதர் தீயில் கையை வைத்திருக்கிறார், அப்படியும் இழந்திருக்கிறார். அதைத் தெருவில் நின்று அத்தை நடித்து முடித்து வைத்தார். சாகும் முன் மாமா சொல்லிக் கொடுத்ததா, அத்தையாகவே செய்ததா, அப்பாவுக்கு இது தெரிந்துதான் நம்புதேன் என்றாரா, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் மிச்சமில்லை. அப்பா நடந்ததையோ பூட்டியதையோ யாரும் படம் எடுத்ததில்லை. என்னிடம் இருப்பது சுவரில் விறைத்து நிற்கும் ஒரு ஸ்டுடியோப் போட்டோ மட்டும். அப்பாவின் கை அசைவது இந்த மங்கலான துண்டில், அந்த ஒரே ஒரு இழுப்பில்தான் இருக்கிறது. திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

நேற்று கேன்டீனில் அந்தப் பெண் விடாமல் கேட்டாள். அத்தனை தடவை அந்த வீடியோவில் அப்படி என்ன பார்க்கிறீர்கள் சேச்சி, அந்த அங்கிள் கையில் ஏதாவது இருக்கிறதா என்று. கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"நான் ஒண்ணும் பாக்கல மக்களே" என்றேன்.